செயலி வரைய முதல் ஆளின் கையைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் திண்ணைவேலிச் சந்தையில் விடியற்காலை ஒரு வியாபாரி போனை எப்படிப் பிடிக்கிறார் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் தராசுத் தட்டு, மற்றக் கையில் காசு, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். விரலில் மண் இருக்கும், இல்லாவிட்டால் ஈரம் இருக்கும், சுற்றிவர ஒரே சத்தம். இந்த ஆளுக்குத்தான் நாங்கள் ஒருமுறை மரக்கறி விலை அனுப்புகிற செயலி செய்தோம், அதுவும் ஏசி அறைக்குள் இருந்து பெரிய திரையில் வரைந்து, விலையை இழுத்துக் கூட்டிக் குறைக்க ஸ்லைடர் எல்லாம் வைத்து. பார்க்க வடிவாக இருந்தது. ஒருவரும் பாவிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலை தொடங்கினாலும் நான் முதலில் எழுதுவது ஒரு வரிதான்: இதைப் பாவிக்கிற நேரத்தில் அந்த ஆளின் கை, கண், காது, இதில் எது சும்மா இருக்கிறது? ஓட்டோ ஓடுபவருக்குக் கண்ணும் கையும் வேலையில், காது மட்டும் மிச்சம், ஆகவே வழியைக் குரலில் சொல்லுங்கள். பாட்டு அலறுகிற மினிபஸ்ஸில் நிற்பவருக்குக் காது இல்லை, ஒரு கை கம்பியில், ஆகவே பெருவிரல் எட்டுகிற இடத்தில் எழுத்தும் பொத்தானும் வேண்டும். சந்தைக்காரருக்கு மூன்றும் அரைகுறை. அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரு தட்டலில் முடிய வேண்டும்.

சரி, ஊடகத்துக்கு வருவோம். எழுத்து, எண், படம், வரைபடம், ஒலி, வீடியோ என்று கையில் நிறைய இருக்கிறது, ஆனால் இதில் எல்லாரும் தவறவிடுகிற ஒன்று உண்டு: கொடுக்கிறவருக்கு வசதியான ஊடகம் வாங்குகிறவருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் வியாபாரிகள் செயலியை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக விலை அனுப்பினார்கள். பேசுகிறவருக்கு அது அரை நிமிட வேலை. கேட்கிற கடைக்காரரோ பயத்தங்காய் விலை தெரிய, கத்தரிக்காயில் தொடங்கி முழுவதையும் கேட்க வேண்டும், இடையில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலில் இருந்து. ஒலியை மேலோட்டமாகப் பார்க்க முடியாது, பட்டியலைப் பார்க்கலாம். கடைசியில் நாங்கள் செய்தது இதுதான்: உள்ளே வருவது குரலாகவே வரட்டும், எங்கள் பக்கத்தில் ஒரு பெடியன் இருந்து அதை எண்ணாக மாற்றுவான், வெளியே போவது பட்டியல். நாகரிகமான தீர்வு இல்லைதான், ஆனால் ஓடியது.

கேள்வியைப் பார்த்தும் ஊடகத்தைத் தேர்ந்தெடுங்கள். "இன்றைக்குச் சின்ன வெங்காயம் என்ன விலை?" என்றால் ஒரு எண் போதும், பெரிய எழுத்தில். "இந்த மாதம் ஏறியதா இறங்கியதா?" என்றால் கோட்டு வரைபடம். ஏற்றத்துக்குப் பச்சை, இறக்கத்துக்குச் சிவப்பு என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், விலை ஏறுவது விற்கிறவருக்கு நல்லது, வாங்குகிறவருக்குக் கெட்டது, நீங்கள் எந்தப் பக்கம்? தவிர, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அம்புக்குறியும் எண்ணும் சேர்த்துப் போடுங்கள். படம் அடையாளம் காண நல்லது, ஆனால் தனியே விடாதீர்கள்: சின்னத் திரையில் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒன்றுதான், பக்கத்தில் சொல் இருந்தால்தான் விளங்கும். வீடியோ கை அசைவைக் காட்டத்தான், தையல் மெஷினில் நூல் கோர்ப்பது மாதிரி. விண்ணப்பத்துக்கு என்னென்ன கடிதம் கொண்டுவர வேண்டும் என்பதை வீடியோவாகப் போடுகிறவர்களை எனக்கு விளங்குவதே இல்லை, டேட்டாவும் போய் நேரமும் போய்க் கடைசியில் பேப்பரில் எழுதிக்கொள்கிற விஷயம் அது.

அடுத்தது கையாளும் முறை. கணினி ஆய்வாளர் பென் ஷ்னைடர்மன் பிரித்த ஐந்து வகை இன்றைக்கும் போதும்: திரையில் உள்ளதை நேரடியாகத் தொட்டு இழுப்பது, மெனுவில் தெரிவுசெய்வது, படிவம் நிரப்புவது, கட்டளை அடிப்பது, சாதாரணப் பேச்சில் கேட்பது. முதலாவதற்கு 1983இல் வெளிவந்த அவருடைய கட்டுரைதான் "நேரடிக் கையாளல்" என்ற பெயரைப் பரப்பியது, அதனாலேயோ என்னவோ எல்லாருக்கும் எதையாவது இழுக்கவைக்க ஆசை. இழுப்பது இடத்துக்கும் வரிசைக்கும் நல்லது, வரைபடத்தில் வீட்டைக் குறிக்க, பட்டியலில் ஒன்றை மேலே தள்ள. சரியான எண்ணுக்கு அது உதவாது. 480 ரூபாயில் நிறுத்தப் போனால் 475க்கும் 490க்கும் இடையில் விரல் ஆடும், அந்த எண்ணையே விரல் மறைக்கும். நாங்கள் ஸ்லைடரைத் தூக்கிவிட்டு நேற்றைய விலையை முன்கூட்டியே போட்டு, "அதே விலை", "10 கூட்டு", "10 குறை" என்று மூன்று பெரிய பொத்தான் வைத்தோம். பெரும்பாலான நாட்களில் முதல் பொத்தானோடு வேலை முடிந்துவிடும்.

கட்டளை பழசு என்று தள்ளிவிடாதீர்கள். போனில் மீதிக் காசு பார்க்க நட்சத்திரமும் எண்ணும் அடித்துக் கடைசியில் ஹேஷ் போடுகிற அம்மம்மாக்கள் எத்தனை பேர்? நாள் முழுக்க ஒரே வேலை செய்கிற கணக்குப்பிள்ளைக்கு மெனுவைவிடக் குறுக்குக் குறியீடுதான் வேகம். மாதத்தில் ஒருமுறை வருகிறவருக்கு அது மறந்துபோகும், அவருக்கு மெனு. மெனுவில் ஏழுக்கு மேல் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதிய அந்த ஏழு மனதில் வைத்திருப்பதைப் பற்றி, மெனு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பேச்சில் கேட்கிற சாட்பொட்டை வைக்க முதல் யாழ்ப்பாணத்துக்காரர் நாலு பேரைப் பேசவிட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்ததில் "பயத்தங்காய்" ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காயாகியது.

படிவத்தில்தான் ஆட்கள் கோபப்பட்டுப் போனை வைக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். அந்தப் பெட்டிக்கு எண் விசைப்பலகையை மட்டும் திறந்தால் பழைய அட்டைக்காரர் அந்த எழுத்தை எங்கே போய் அடிப்பது? இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்த எண்ணிலேயே பிறந்த வருடமும், அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பிறகு எதற்குப் பிறந்த திகதியையும் பாலையும் திரும்பக் கேட்கிறீர்கள்? கணக்குப் போட்டுக் காட்டி "சரியா?" என்று கேளுங்கள். (பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணித்தான் அந்த நாள் வரும், அதைக் கவனிக்காவிட்டால் மார்ச் தொடங்கிப் பிறந்த பலருக்கு ஒரு நாள் பிழைக்கும்.) பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போடாதீர்கள், தகப்பன் பெயரை முன்னால் வைத்திருக்கிற ஆட்கள் எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் நிற்பார்கள். அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், ஒரே பெட்டி. விலாசத்தில் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, பச்சைக் கேற் என்று எழுத இடம் விடுங்கள், பக்கத்தில் கூப்பிட ஒரு பொத்தானும்.

ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழைக் கொட்டினால் திரை உடையும். "சேவ்" இருந்த பொத்தானில் "சேமிக்கவும்" இடிக்கும், எழுத்தின் மேலே வளைகிற பகுதியும் கீழே இறங்குகிற பகுதியும் வெட்டுப்படும். வரி இடைவெளியைக் கூட்டித் தமிழிலேயே முதல் வரைவைத் தொடங்குங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு, தொடுகிற இடம் 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறத்தாழ ஒரே அளவாக வருகிற அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். வெளிர் சாம்பல் எழுத்து குறிகட்டுவான் இறங்குதுறை வெயிலில் காணாமலே போய்விடும்.

காத்திருப்புக்கும் முகம் வேண்டும். தட்டிய 0.1 செக்கனுக்குள் ஏதாவது அசைந்தால் உடனே நடந்த மாதிரி, 1 செக்கன் வரை யோசனை அறுபடாது, 10 செக்கனைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். நெடுந்தீவுப் படகில் சிக்னல் போனால் எழுதியதை அழித்துவிடாமல் போனிலேயே வைத்து, "சிக்னல் வந்ததும் அனுப்பப்படும்" என்று சொல்லுங்கள். சுழலும் வட்டத்தை மட்டும் காட்டினால் ஆள் திரும்பத் திரும்பத் தட்டுவார், நாலு ஓர்டர் போய்விடும்.

இதையெல்லாம் கோட் எழுத முதலே பார்க்கலாம். ஏ4 தாளில் நாலு திரை கீறிக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் ஒருவரைக் கேளுங்கள், "அண்ணை, இதில எதைத் தட்டுவீங்கள்?" கேட்டுவிட்டு வாயை மூடுங்கள், அதுதான் கஷ்டம். பிறகு மாதிரி தயாரானதும் மத்தியான வெயிலில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மற்றக் கையில் மரக்கறிப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள்.