பாட்டி பேசும் ஸ்பானிஷுக்குச் சிவப்பு மையா?

ஹூஸ்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ ஓர் உயர்நிலைப் பள்ளி, ஸ்பானிஷ் வகுப்பு. பின்வரிசையில் பதினைந்து வயதுப் பெண். தம்பியை அதட்டுவது, பாட்டியோடு வம்பளப்பது, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்வது என எல்லாமே அவளுக்கு ஸ்பானிஷில்தான். அவள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் புத்தகமோ 'வணக்கம், என் பெயர்...' என்று தொடங்குகிறது. கொட்டாவி விடுகிறாள். அடுத்த வாரம் இலக்கணத் தேர்வு. மூன்று மாதமாக மட்டுமே ஸ்பானிஷ் படிக்கும் பக்கத்து இருக்கைப் பையன் தேறிவிடுகிறான், இவள் தேறவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளை அமெரிக்காவில் 'ஹெரிடேஜ் ஸ்பீக்கர்' என்கிறார்கள். வீட்டுமொழிப் பிள்ளைகள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். ஆகவே இது எங்கோ ஒரு வகுப்பின் சிக்கல் அல்ல.

முதல் தவறு அந்தப் புத்தகம்தான். வீட்டுமொழிப் பிள்ளை மொழியைக் காதால் கற்றது. வினைச்சொல்லைச் சரியாகத் திரித்துப் பேசும், ஆனால் அந்தத் திரிபுக்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று கேட்டால் விழிக்கும். மொழியை வகுப்பில் கற்பவர்கள் எழுத்துத் தேர்வில் முந்துவதையும், வீட்டில் கற்றவர்கள் வாய்மொழிப் பயிற்சியில் முந்துவதையும் சில்வினா மோன்ட்ருல் போன்ற மொழியியலாளர்கள் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். எனவே விதியில் தொடங்கி வாக்கியத்துக்குப் போகும் பாதை இவர்களுக்குத் தலைகீழ். முதலில் ஒரு செய்தியை, ஒரு கதையை, ஒரு நேர்காணலைக் கொடுங்கள். அதைப் பற்றிப் பேசட்டும், எழுதட்டும். எழுதும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கே இலக்கணத்தை எடுங்கள். பிள்ளைகள் போதுமான அளவு இருந்தால் தனி வகுப்பே வைப்பது நல்லது. இல்லாத இடத்தில் அதே வகுப்பில் வேறு வேலை தரலாம். 'உனக்குத்தான் தெரியுமே, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு' என்று சம்பளமில்லாத உதவி ஆசிரியராக்கிவிடுவது மட்டும் வேண்டாம். அந்தப் பெண்ணும் படிக்கத்தான் வந்திருக்கிறாள்.

இரண்டாவது தவறுதான் ஆழமாகக் காயப்படுத்துவது. 'இருக்கட்டும்' என்ற பொருளில் பிள்ளை 'ஆய்கா' என்று எழுதுகிறது. ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து 'ஆயா' என்று திருத்துகிறார். 'இப்படி' என்பதற்கு 'அசினா' என்றால் 'அசீ' என்கிறார். 'ட்ரூஹே' என்றால் 'ட்ராஹே' என்கிறார். திருத்தங்கள் எல்லாம் இன்றைய எழுத்து வழக்குப்படி சரியே. ஆனால் 'கொண்டுவந்தேன்' என்று பொருள்படும் அந்த 'ட்ரூஹே', நானூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்தாளர் செர்வாந்தேஸ் காலத்து எழுத்திலேயே இருக்கிறது. கிராமத்து வழக்கில் தங்கிவிட்ட பழைய ஸ்பானிஷ் அது. மெக்சிகோவின் நாட்டுப்புறத்திலும் நியூ மெக்சிகோவின் மலைக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்திருக்கிறது. நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகரம் 1610 வாக்கில் ஸ்பானியர் அமைத்தது. ஆங்கிலம் அங்கே பின்னால் வந்த விருந்தாளி. பாட்டியிடமிருந்து வந்த சொல்லைத் 'தப்பு' என்று அடிக்கும்போது பிள்ளையின் காதில் விழுவது 'உன் பாட்டிக்குப் பேசத் தெரியாது' என்பதே.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. டெக்சஸின் மார்ஃபா ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடந்தது பிளாக்வெல் பள்ளி. 1954இல் அங்கே பிள்ளைகளைக் காகிதத் துண்டுகளில் எழுதவைத்து, 'திருவாளர் ஸ்பானிஷ்' என்று பெயரிட்டு, பள்ளி வளாகத்தில் குழி தோண்டிப் புதைக்கவைத்தார்கள். ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்த பள்ளிகள் தென்மேற்கு மாநிலங்களில் நிறைய இருந்தன. 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. பிளாக்வெல் பள்ளியை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. அடிபட்ட தலைமுறைதான் இன்றைய தாத்தா பாட்டி. பலர் தம் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷைச் சொல்லித்தராமலேயே விட்டதற்கும் அந்த அடி ஒரு காரணம்.

அப்படியானால் எதையுமே திருத்தக்கூடாதா? அதுவும் தவறுதான், இன்றைக்குப் பரவிவரும் தவறு. 'எல்லா வழக்கும் அழகு' என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தால், வேலைக்கு விண்ணப்பம் எழுதவேண்டிய நாளில் பிள்ளை தனியாக நிற்கும். கலிஃபோர்னியா 2011இல் தொடங்கிவைத்த இருமொழித் தேர்ச்சி முத்திரையை உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் பெறவும் எழுத்து ஸ்பானிஷ் வேண்டும். சொல்லவேண்டிய விதம் இது: 'வீட்டில் ஆய்கா, பத்திரிகையில் ஆயா. இரண்டும் உன் பையில் இருக்கட்டும்.' பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் ஒருசேரச் சுமக்கும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. லாரிக்கு 'ட்ரோக்கா', மதியச் சாப்பாட்டுக்கு 'லோன்சே' என்ற ஆங்கில வழிச் சொற்களுக்கும் இதே அணுகுமுறைதான். வண்டி நிறுத்துவதற்கு 'பார்கேயார்' என்று சொல்வதைக் கண்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அதுவோ லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் இயல்பான சொல்.

ஒரே வாக்கியத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலப்பதைச் சோம்பேறித்தனம் என்பதும் பழைய பல்லவி. நியூயார்க்கின் போர்த்தோ ரீக்கோ மக்களிடையே மொழியியலாளர் ஷானா பாப்லாக் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. வாக்கியத்தின் நடுவிலேயே மொழி மாறுபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் நன்கு அறிந்தவர்கள், அதுவும் இரு மொழி இலக்கணமும் முறியாத இடத்தில்தான் மாறுகிறார்கள்.

எழுத்துப் பிழைக்கு வருவோம். ஸ்பானிஷில் பி, வி இரண்டுக்கும் ஒரே ஒலி. எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. லத்தீன் அமெரிக்காவில் எஸ், இசட், மென்மையான சி மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். காதால் கற்ற பிள்ளை இங்கேதான் சறுக்கும், நம் பிள்ளைகள் ல, ள, ழவில் சறுக்குவதைப்போல. வகுப்பில் புதிதாகக் கற்பவன் சொல்லைப் பார்த்தே கற்றதால் இந்தப் பிழைகளை அவ்வளவாகச் செய்வதில்லை. அதனால் இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் உதவாது. அழுத்தக் குறிக்கோ காதே துணை. 'பாபா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, இரண்டாவதை அழுத்தினால் அப்பா. குறியை விட்டுவிட்டு 'என் அப்பா லாரி ஓட்டுகிறார்' என்று எழுதினால் உருளைக்கிழங்கு லாரி ஓட்டும். ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச்சொன்னால் வகுப்பே சிரிக்கும், பிறகு மறக்காது.

பண்பாட்டுப் பாடம் என்றதும் மே 5ஆம் தேதி காகிதத் தோரணமும் டாக்கோவும் வந்துவிடுகின்றன. அது மெக்சிகோவின் சுதந்திர தினம்கூட இல்லை, 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். வகுப்பிலிருக்கும் எல் சால்வடோர்ப் பையனுக்கு அந்த நாளோடு என்ன உறவு? அவன் நாட்டின் சுதந்திர நாள் செப்டம்பர் 15, அவன் வீட்டில் சுடுவது புபூசா என்ற சோள ரொட்டி, நண்பனை 'நீ' என்று அழைப்பது 'வோஸ்' என்ற சொல்லால். பாடப்புத்தகம் பலமுறை கண்டுகொள்ளாமல் போகும் சொல் அது. பஸ்ஸுக்கு மெக்சிகோக்காரர் 'கமியோன்' என்பார், போர்த்தோ ரீக்கோக்காரரும் கியூபாக்காரரும் 'குவாகுவா' என்பார்கள். இதை வகுப்பிலிருந்தே திரட்டலாம். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பத்துப் பொருள்களின் பெயர் கேட்டு எழுதிவரச் சொன்னால் பாதிப் பாடம் தயார். குவாத்தமாலாவிலிருந்து வந்த குடும்பத்தில் மாம் அல்லது கிச்சே என்ற பழங்குடி மொழியும், மெக்சிகோவின் ஓஹாக்காவிலிருந்து வந்த குடும்பத்தில் மிஷ்தெக்கும் வீட்டு மொழியாக இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. 'உன் தாய்மொழிதானே' என்று அவனிடம் சொல்வது இன்னொரு மொழியைப் புதைப்பதுபோல.

கடைசியாக, குடும்பப் பெயரைப் பார்த்து வகுப்பு ஒதுக்குவது. கார்சியா என்று பெயர் இருந்தும் கேட்டால் புரியும், பேச வராது என்ற பிள்ளைகள் ஏராளம். 'தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்லாமல் 'நோ சாபோ' என்று சொல்லிவிட்டு உறவினர் கேலிக்கு ஆளாகி, அதோடு வாய் மூடியவர்கள். மெக்சிகோ நகரத்து மூன்று வயதுக் குழந்தையும் வினைச்சொல் விதியை அப்படியே பொருத்தி அதையேதான் சொல்லும். பெயரையும் இலக்கணத் தேர்வையும் விட்டுவிட்டு, ஆண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் ஸ்பானிஷில் பேசிப் பார்க்கலாம். வீட்டில் யாரோடு எந்த மொழியில் பேசுகிறாய், ஸ்பானிஷில் கடைசியாக எதைப் படித்தாய், யாருக்காவது செய்தி அனுப்பியதுண்டா என்று கேட்கலாம். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி ஸ்பானிஷில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதிலிருந்தே தெரியும்.