பழைய பாயின்ட் அண்ட் ஷூட்டில் ரோல் எப்படியெல்லாம் வீணாகிறது

பரணில் இருந்து இறக்கிய யாஷிகா எம்எஃப்-2, மாமா வீட்டில் சும்மா கிடந்த கோடக் கேபி-10, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ஏதோ ஒரு ஆட்டோஃபோகஸ் என்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பசங்க கையில் பார்த்து அமுக்கினாலே போதும் என்கிற 'பாயின்ட் அண்ட் ஷூட்' ஃபிலிம் கேமரா மறுபடியும் தென்படுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கலர் ரோல், கழுவுகிற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 36 படம் என்றால் ஒரு அமுக்கலுக்குக் கிட்டத்தட்ட முப்பது ரூபாய். அத்தனையும் போட்டுக் கழுவி வரும்போது பாதி மங்கல், மீதியில் பாதி இருட்டு என்றால் எல்லோரும் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு பாவமும் அறியாது. போன் தானாகச் சரிசெய்துகொள்வதை எல்லாம் இதுவும் செய்யும் என்று, போனில் பழகிய கை நம்பிவிடுகிறது.

முதலில் அவசரம். கேமரா கைக்கு வந்த அன்றைக்கே ரோலை மாட்டாதீர்கள். செல் போடும் இடத்தைத் திறந்து பாருங்கள், எப்போதோ போட்ட பென்டார்ச் செல் உள்ளேயே கசிந்து தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட்டாலே போதும், தகடே அரித்துப் போயிருந்தால் விட்டுவிடலாம். அடுத்து பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள், லென்ஸ் வழியாக ஒரு மின்னல் வெளிச்சம் தெரிய வேண்டும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விரலால் சுற்றும் மலிவு கேமராக்கள் பலவற்றில் ஃபிலிம் நகர்ந்தால்தான் ஷட்டர், அதாவது ஒரு கணம் திறந்து மூடி வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, அடிக்கத் தயாராகும். உள்ளே ஃபிலிமின் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பல்சக்கரம் இருக்கிறது பாருங்கள், அதை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் ஓரிடத்தில் 'டக்' என்று நிற்கும். அதற்கப்புறம் அமுக்கினால் ஷட்டர் அடிக்கும். இது தெரியாமல் 'செத்துப்போச்சு' என்று தூக்கிப்போட்ட நல்ல கேமராக்கள் எத்தனையோ.

பின்மூடி ஓரத்தில் கருப்பு ஸ்பான்ஞ் ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி கையில் ஒட்டினால் அது வெளிச்சத்தைத் தடுக்கும் நிலையில் இல்லை, படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுத் தீற்றலாக வந்து நிற்கும். ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டிவிட்டுக் கருப்பு வெல்வெட் துணியோ தடித்த கம்பளி நூலோ ஒட்டலாம். திருப்பூர்க்காரர்களுக்குத் துணிக்கும் நூலுக்குமா பஞ்சம்! ஃப்ளாஷ் பல வருஷம் சும்மா கிடந்திருந்தால் முதல் தடவை சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், நாலைந்து முறை அடித்த பிறகு வழிக்கு வரும். வரவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் 300 வோல்ட் பக்கம் சேர்த்து வைத்திருக்கும், செல்லைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

ரோல் மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது மொத்த ரோலையும் தின்றுவிடும். ஃபிலிமின் நுனி எதிர்ப்பக்கச் சுருளில் சரியாகப் பிடிக்காமல் மூடியை மூடிவிட்டால், எண் மட்டும் 1, 2, 3 என்று ஓடும், ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருக்கும். நோம்பிக்கு ஊரே கூடி நின்று போஸ் கொடுத்திருக்கும், அப்புறம் லேபில் இருந்து ஒரு போன் வரும்: "ஏனுங், இதுல ஒண்ணுமே இல்லீங்களே." கையால் சுற்றும் கேமராவில் இதைத் தவிர்ப்பது சுலபம். மாட்டியதும் ரிவைண்ட் குமிழை (ரோல் முடிந்ததும் ஃபிலிமை டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றுவது) லேசாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை நகர்த்தும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழல்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. மோட்டார் கேமராவில் நுனியை உள்ளே இருக்கும் குறி வரைக்கும் மட்டும் இழுத்து, தொய்வில்லாமல் வைத்து மூட வேண்டும்.

இனி, நிறையப் படம் பலியாகும் இடத்துக்கு வருவோம். தூரம். எம்எஃப்-2, கேபி-10 வகையில் ஃபோகஸ் என்று தனியாக எதுவும் நகராது, லென்ஸ் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். நாலைந்து அடிக்கு அப்பால் இருப்பது எல்லாம் ஓரளவு தெளிவாக வரும், அதற்குள் இருப்பது வரவே வராது. போனில் இலைச் சாப்பாட்டைக் குனிந்து எடுத்த பழக்கத்தில் இதிலும் ஓர் அடியில் வைத்து எடுத்தால் பருப்பும் தெரியாது, பச்சைப்புளி ரசமும் தெரியாது, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேட்டிக்கரை மட்டும் பளிச்சென்று இருக்கும். ஏமாறக் காரணம், நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. ஜன்னலில் எல்லாமே எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். அதனால்தான் லென்ஸை விரல் மறைத்தாலும், மூடியே திறக்காமல் இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. கிட்டத்தில் எடுக்கும்போது தலை வெட்டுப்படுவதும் இந்த இடைவெளியால்தான். ஜன்னலுக்குள் ஓரமாகச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார்கள், கிட்ட இருக்கும் ஆளை அந்தக் கோட்டுக்குள் அடக்க வேண்டும்.

ஆட்டோஃபோகஸ் இருந்தால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1977-இல் வந்த கொனிகா சி35 ஏஎஃப் தொடங்கி இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் நட்ட நடுவில் இருப்பதைத்தான் அளக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கிறார்கள், நீங்கள் இருவரையும் சமமாக வைத்து எடுக்கிறீர்கள், நடுவில் இருப்பது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள சந்து. கேமரா அந்தச் சந்து வழியாகப் போய்ப் பின்னால் தொங்கும் பூ அலங்காரத்தைப் பிடித்துக்கொள்ளும். அலங்காரக்காரருக்கு நல்ல விளம்பரம், மணமக்களுக்கு மங்கல் முகம். பொண்ணின் முகத்தை நடுவில் வைத்துப் பட்டனைப் பாதி மட்டும் அமுக்கி, விரலை எடுக்காமலே கேமராவைத் திருப்பி இருவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து, மீதியை அமுக்க வேண்டும். பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் மாடல்களில் இது வேலை செய்யும்.

அப்புறம் பஸ் ஜன்னல். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது யாருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் மலிவான ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரம் கணக்குப் போடுபவை. மூடிய கண்ணாடியில் பட்டுக் கதிர் திரும்பிவிட்டால், மலை முழுவதும் கண்ணாடி தூரத்தில் இருப்பதாக அது முடிவு செய்துவிடும். மலைப் படம் போட்ட பட்டன் இருந்தால் அதை அமுக்குங்கள், ஃப்ளாஷையும் நிறுத்திவிடுங்கள், அல்லது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இந்த வழியில் நிலையான ஃபோகஸ் கேமராதான் கெட்டிக்காரன், அதற்கு ஏமாறவே தெரியாது.

ஃப்ளாஷ் விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ராத்திரி தேரோட்டத்தில் நாற்பது அடி தள்ளி நின்று ஃப்ளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் வெளுக்கும், தேர் இருட்டில் இருக்கும். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில் (ஃபிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, கூடக் கூட வெளிச்சம் குறைவாகப் போதும்) இந்தச் சின்ன ஃப்ளாஷ் பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும்தான், 400 போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது உண்மையில் தேவைப்படுவது உச்சி வெயிலில். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு நிழலிலோ, கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் துண்டு கட்டிய தலைக்குக் கீழேயோ முகம் கருப்பாகத்தான் விழும், ஆறடியில் நின்று ஃப்ளாஷோடு எடுத்தால் கண் தெரியும். மாட்டின் கண்ணுக்கு நேராக மட்டும் வேண்டாம். காங்கேயம் காளைக்கு உங்கள் கலை ஆர்வம் புரியாது.

ஐஎஸ்ஓ பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரோல் டப்பாவின் மேல் கருப்பும் வெள்ளியுமாகக் கட்டம் கட்டமாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. 1983-இல் கோடக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது, கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் அதைத் தொட்டுத்தான் ஃபிலிமின் வேகத்தை, அதாவது இந்த ஐஎஸ்ஓ எண்ணை, தெரிந்துகொள்கின்றன. மலிவு மாடல்கள் பல 100, 400 என்ற இரண்டை மட்டுமே படிக்கும். கையால் சுற்றி விற்கும் ரோல்களில் இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது, அப்போது பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 ரோலை 100 என்று நினைத்து எடுத்தால் வெளிச்சம் கூடுதலாக விழும், கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். 100 ரோலைப் போட்டுவிட்டு, கையால் திருப்பும் குறியை 400-இல் வைத்திருந்தால்தான் ஆபத்து, நெகட்டிவ் வெளிறிப்போய் நிழலெல்லாம் சேறாக வரும். ஆக, சந்தேகம் வந்தால் குறைந்த எண். ஷட்டர் வேகமே மாறாத கேமராவில் ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வருவது) போடுவது வீண் செலவு, அதற்கு வெளிச்சம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 200 அல்லது 400 கலர் நெகட்டிவ் போதும். காலாவதியான ரோல் சும்மா கிடைத்தது என்றால் நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள், கல்யாணத்துக்கு அதைக் கொண்டு போகாதீர்கள்.

கையால் சுற்றிய மலிவு ரோல்களில் இன்னொரு வம்பு இருக்கிறது. சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றியதாக இருந்தால் அதன் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கக்கூடும். அதைச் சொல்லாமல் சாதாரணக் கலர் லேபில் கொடுத்தால் கரி கரைந்து அவர்கள் கெமிக்கலைக் கெடுக்கும், அதே தொட்டியில் ஓடும் அடுத்தவர் ரோலும் போகும். வாங்கும்போதே சி-41-ஆ (சாதாரணக் கலர் ஃபிலிமைக் கழுவும் முறை), இசிஎன்-2-ஆ (சினிமா ஃபிலிமைக் கழுவும் முறை) என்று கேட்டு டப்பா மேல் எழுதிவிடுங்கள். கருப்பு வெள்ளையும் அப்படித்தான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் போட்ட பழைய கருப்பு வெள்ளை ரோல் ஏதாவது தாத்தா பெட்டியில் கிடைத்தால், அதைக் கலர் லேபில் தள்ளிவிடாதீர்கள். சி-41-இல் இருக்கும் பிளீச், படமாக நிற்கும் வெள்ளியை மொத்தமாக எடுத்துவிடும், திரும்பி வருவது வெறும் கண்ணாடி மாதிரி ஃபிலிம்தான்.

ரோல் முடியும் இடத்தில் பேராசை வேண்டாம். 36-க்கு மேல் இன்னும் ஒன்று கிடைக்கும் என்று முரட்டுத்தனமாகச் சுற்றினால் ஓட்டை கிழியும், சில நேரம் ஃபிலிமே டப்பாவில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கனமாகத் தெரிந்ததும் நிறுத்தி, அடியில் இருக்கும் சின்னப் பட்டனை அமுக்கி ரிவைண்ட் செய்யுங்கள், கை லேசாகும் வரை சுற்றிவிட்டு அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். மோட்டார் பாதியில் நின்றால் புதுச் செல் போட்டுப் பாருங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் ராத்திரி விளக்கணைத்த அறையில் கம்பளிக்குள் வைத்துத் திறந்து ஃபிலிமைக் கையால் டப்பாவுக்குள் சுற்றிக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு பக்கம் காரின் டாஷ்போர்டிலோ பைக் டேங்க் பையிலோ ரோலை விட்டுவிட்டுப் போகாதீர்கள், நிறம் மாறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும், இல்லையேல் உள்ளே வியர்த்துவிடும். பீளமேட்டில் விமானம் ஏறுகிறவர்கள் ரோலைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம், அங்கே எக்ஸ்ரே பலமானது. கையில் வைத்துக்கொண்டு, கையாலேயே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

லேபில் கொடுக்கும்போது நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் கொஞ்ச நாளில் தூக்கிப்போடும் இடங்கள் உண்டு. கூரியரில் அனுப்புவதாக இருந்தால் சீட்டிலேயே எழுதிவிடுங்கள், திருப்பி அனுப்பும் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.