முதல் ஏர் பிஸ்டல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு ஒரு கல்லூரி மாணவன் புதுப் பெட்டியோடு வந்தான். உள்ளே மொரினி சிஎம் 162 இஐ என்ற ஏர் பிஸ்டல். அப்பாவின் சேமிப்பில் வாங்கியது. அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. கையில் எடுத்து நீட்டச் சொன்னேன். நீட்டினான். உள்ளங்கைக்கும் மரப்பிடிக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.

"எந்த அளவுப் பிடி கேட்டு வாங்கினாய்?"

"கேட்கவில்லை சார். கையிருப்பில் இதுதான் இருக்கிறது என்றார்கள்."

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். அன்று என்னை யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கியின் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், சுடும் நொடி வரை விரல் டிரிகரைத் தொடக் கூடாது என்பவற்றை எந்தப் பயிற்சிக் கூடத்திலும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பணத்தையும் ஆண்டுகளையும் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். அதுவும் 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கை அழுத்தக் காற்றால் சுடும் ஏர் பிஸ்டலைப் பற்றி மட்டும். நம் நாட்டில் கைத்துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதில்தான் தொடங்குகிறார்கள்.

பதக்கம் வென்றவரின் பிஸ்டலைக் கேட்பது

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற வாரத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வி: "அவர் எதில் சுடுகிறார்?" யாரும் அவர் எத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறார் என்று கேட்கவில்லை.

ஒவ்வொரு பிஸ்டலுக்கும் விசுவாசிகள் இருக்கிறார்கள். அவர்களின் காரணங்களும் உண்மையானவை. சுவிட்சர்லாந்தின் மொரினியை விரும்புபவர்கள் அதன் மின்னணு டிரிகருக்காக விரும்புகிறார்கள். நெம்புகோல்களின் உராய்வு இல்லாததால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடுகிறது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எல்பி 10க்குள் ஒரு சிறு எடை இருக்கிறது. சுடும் நொடியில் அது எதிர்ப்பக்கம் நகர்ந்து உதறலை விழுங்கிவிடும். சுட்ட பின்னும், குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன் சைட் அதிகம் எழும்பாமல் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் வேறு எதையும் தொட மாட்டார்கள். இத்தாலியின் பார்டினி கே 12லும் அத்தகைய அமைப்பு உண்டு. ஜெர்மனியின் வால்தரைப் பிடிப்பவர்கள் அதன் பிடியைப் பல திசைகளில் திருப்பிக்கொள்ள முடிவதைச் சொல்வார்கள். ஃபைன்வெர்க்பாவ் வைத்திருப்பவர்களோ எடையையும் சமநிலையையும் இஷ்டம் போல் மாற்றிக்கொள்ள முடிகிறது என்பார்கள்.

ஆனால் 10 மீட்டரில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நான் மேலே சொன்ன எந்த பிஸ்டலையும் அசையாதபடி இரும்புக் கவ்வியில் இறுக்கி வைத்துச் சுட்டால், குண்டுகள் அந்த வளையத்துக்குள் நெருக்கமாக விழும். அந்த அளவுத் துல்லியம் இல்லாத பிஸ்டல் இந்தப் பந்தயத்துக்கே வராது. ஆகவே புள்ளியை இழப்பது கையும் பிஸ்டலும் சேரும் இடத்தில்தான். ஒரு சாம்பியனின் விருப்பம் அவருடைய உள்ளங்கையிலிருந்தும் மணிக்கட்டின் சாய்விலிருந்தும் பிறந்தது. அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள், ரசியுங்கள். உங்கள் கையில் அது பொருந்துகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பிடியின் அளவைப் பார்க்காமல் வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. விற்பவர் கேட்பதில்லை, வாங்குபவருக்குத் தெரிவதில்லை, தெரிய வரும்போது இரண்டு ஆண்டுகள் போயிருக்கும்.

மரப்பிடிகள் எஸ், எம், எல் என அளவுகளில் வருகின்றன. அதைவிடச் சிறியதும் உண்டு. என் கை சிறியது. நான் வாங்கிய ஸ்டெயரில் இருந்தது எம் பிடி. விளையாட்டை விட்டுவிட்ட ஒரு மூத்த வீரரிடமிருந்து பழையதாக வாங்கினேன். கையில் எடுத்தபோது பெரிதாகத்தான் இருந்தது. "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். நம்பினேன்.

நடந்தது இதுதான். பிடி பெரிதாக இருந்ததால் என் ஆள்காட்டி விரலின் நுனி மட்டுமே டிரிகரை எட்டியது. விரலின் முதல் மூட்டுக்கு முன்னால் இருக்கும் சதைப் பகுதி டிரிகரில் படிந்து, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். நுனியால் அழுத்தினால், வலக்கைக்காரருக்கு, அது பிஸ்டலை இடப்பக்கம் தள்ளும். என் குண்டுகள் இடப்பக்கம் எட்டிலும் ஒன்பதிலும் கூட்டமாக விழுந்தன. சைட் சரியில்லை என்று நினைத்துப் பின் சைட்டை வலப்பக்கம் சில கிளிக்குகள் திருப்பினேன். கூட்டம் நடுவுக்கு வந்தது. சரிசெய்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

பிழையை நான் மூடிவைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தத் தள்ளல் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இருக்குமா? பந்தயத்தில் பதற்றம் வந்தால் விரல் அதிகமாகத் தள்ளும், குண்டு இடது எட்டுக்குப் போகும். அபூர்வமாக ஒரு குண்டை நேராக அழுத்தினால், திருப்பி வைத்த சைட் அதை வலப்பக்கம் கொண்டுபோய் விடும். நன்றாகச் சுட்ட குண்டுக்குத் தண்டனை கிடைத்தது. பிஸ்டல் கைக்குள் உருளாமல் இருக்க இறுக்கிப் பிடித்தேன். இறுக்கினால் நடுக்கம் வரும். 60 குண்டுகள் முடிவதற்குள் முன்கை கல்லாகிவிடும். இரண்டு ஆண்டுகள் 600க்கு 540 புள்ளிகளைத் தாண்ட முடியவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் என் மனத்தில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

வெளியூர் முகாம் ஒன்றில் வயதான பயிற்சியாளர் ஒருவர் என் உள்ளங்கையில் முகப் பவுடரைத் தூவி பிஸ்டலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்து எடுத்ததும் மரத்தைக் காட்டினார். கட்டைவிரல் மேட்டிலும் விரல் நுனிகளிலும் மட்டும் பவுடர் ஒட்டியிருந்தது. உள்ளங்கையின் நடுப்பகுதி மரத்தைத் தொடவே இல்லை. பிறகு கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, நிதானித்துத் திறக்கச் சொன்னார். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். என்னுடையது பள்ளத்தின் இடச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை முறுக்கி அதை நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறுக்கல் எவ்வளவு கெடுதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்களுக்கும் இடையே ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி குண்டு 29 மில்லிமீட்டர் விலகும். அது ஏழாம் வளையம். ஆனால் சைட்கள் இரண்டும் நேராக இருந்து, முழுக் கையும் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும். அது இன்னும் பத்து. கை அசைவதைக் கண்டு தொடக்கக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது மணிக்கட்டில் பிறக்கும் கோணப் பிழைக்கு. பிடி பொருந்தாவிட்டால் அந்தப் பிழை ஒவ்வொரு குண்டிலும் காத்திருக்கும்.

இத்தோடு முடியவில்லை. உண்மை தெரிந்ததும் அவசரப்பட்டு அரத்தை எடுத்தேன். வால்நட் மரம், அழகாக இழைந்தது. எங்கே கழிக்க வேண்டும் என்று தெரியாமல் கட்டைவிரல் மேடையில் கழித்தேன். பிறகு எம்-சீல் பசை வைத்து நிரப்பினேன். மறுபடி கழித்தேன். அந்தப் பிடியைக் கடைசியில் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. இப்போது மாணவர்களிடம் சொல்வது: முதலில் பசை வைத்து மேடேற்றிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். அரம் கடைசி. மரம் திரும்பி வளராது. உள்ளங்கையின் அடியில் இருக்கும் தாங்கியை, கை நசுங்கும்படி இறுக்கி ஏற்றாதீர்கள், சற்று இடைவெளி இருக்கட்டும். அந்தத் தாங்கியோ மரமோ மணிக்கட்டுக்குத் தாங்கலாகிவிட்டால் விதிமீறல்.

பெரிய பிடியைப் பசையால் நிரப்பிச் சிறியதாக்கிவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பசை இடைவெளியை அடைக்கும். டிரிகரை விரலுக்கு அருகே கொண்டுவராது. டிரிகரை முன்பின்னாக நகர்த்த வசதி உண்டு, ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது எளிது. வெள்ளைத் தாளில் கையை வைத்துப் பென்சிலால் வரையுங்கள். உள்ளங்கையின் அகலத்தையும், மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளத்தையும் அளந்து எழுதுங்கள். அந்தத் தாளோடு விற்பவரிடம் பேசுங்கள். ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொரு நிறுவனத்தின் எம் போல இருக்கலாம் என்பதால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மனியின் ரிங்க் போன்ற பிடி செய்பவர்கள் இத்தகைய கை வரைபடத்தை வைத்தே பிடி செய்து தருகிறார்கள். "இருப்பில் இதுதான்" என்று பதில் வந்தால் காத்திருங்கள். அதுவரை கூடத்தின் பொது பிஸ்டலில் சுடுங்கள். மூன்று மாதம் தாமதமானால் எதுவும் கெட்டுவிடாது.

அந்த மாணவனுக்கு எஸ் பிடி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். நான்கு திருகுகூட இல்லை, பத்து நிமிட வேலை. கண்களை மூடித் திறந்தான். "சார், நடுவில் நிற்கிறது" என்றான். புதுப் பிடிக்கு மறுபடி அவன் அப்பா பணம் கட்ட வேண்டும்.

இடக்கைக்காரர்கள் வலக்கைப் பிடியில் பழகுவது

வேண்டவே வேண்டாம்.

பழைய பிஸ்டலை வாங்கி, சிலிண்டரின் தேதியை மறப்பது

பழைய பிஸ்டல் வாங்குவதில் தவறில்லை. புதிது ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பழையதைத் தேடுவது நியாயம். நல்ல பிஸ்டலின் குழல் எளிதில் தேயாது. காற்று சிலிண்டர் அப்படி இல்லை.

முழுதாக நிரப்பினால் அதற்குள் 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு பாரைச் சற்றே தாண்டும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள் குறிக்கிறார்கள். தேதி உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு என்கிறது சர்வதேச விதி. காலாவதியானால் பிஸ்டலைச் சோதிக்கும் மேசையிலேயே நிறுத்திவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மலிவு என்று வாங்கிய பிஸ்டலின் இரண்டு சிலிண்டர்களுக்கும் நான்கு மாதமே மிச்சம் இருந்ததை மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் கண்டுபிடித்தாள். புதியவை வெளிநாட்டிலிருந்து சுங்க வரியோடு வந்து சேர்ந்தபோது மலிவு என்ற பேச்சே இல்லை. விலை பேசும் முன் சிலிண்டரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், தேதி தெரியும்படி.

டிரிகரைச் சரியாக 500 கிராமில் வைப்பது

போட்டிச் சோதனையில் டிரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள்; டிரிகர் விடுபடக் கூடாது. அதுதான் குறைந்தபட்ச எடை. அதற்காக 500லேயே வைத்தால், பயணத்தின் குலுங்கலோ தட்பவெப்பமோ சற்று மாற்றிவிட்டாலும் சோதனை எடையைத் தூக்காது. 510, 520 என்று வையுங்கள். எடையில் பெரும்பகுதியை டிரிகரின் முதல் கட்டத்துக்கு, அதாவது விடுபடும் முன் விரல் தள்ளும் தொடக்கப் பகுதிக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் கூடுதல் பத்துக் கிராம் விரலுக்குத் தெரியவே தெரியாது.

கூடுதல் எடைக் கட்டிகளை மாட்டுவது

முதல் ஆறு மாதம் தொடாதீர்கள்.

பெல்லட் மாற்றிக்கொண்டே இருப்பது

550 புள்ளிகளைத் தாண்டும் வரை ஒரே வகைக் குண்டு டப்பா போதும்.

பழுதுக்குத் தயாராக இல்லாமல் இருப்பது

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில், மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதானது. அதைச் சரிசெய்யும் அலைச்சலில் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. 60 குண்டுகளுக்கு மொத்தமே 75 நிமிடம். மிச்ச நேரத்தில் அவர் விரைந்து சுட்டு 575 எடுத்தார், 12ஆம் இடம், இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. உலகத் தரத்தில் பராமரிக்கப்படும் பிஸ்டலுக்கே இது நேரும்.

நாம் மாவட்டப் போட்டிக்குப் போகும்போது ஒரு திருகாணிச் சாவிகூட எடுத்துப் போவதில்லை. எட்டு ஆண்டுகளாக என் பெட்டியில் இவை இருக்கின்றன: இரண்டாவது சிலிண்டர், நிரப்பியது. ஆலன் சாவிகள் முழுத் தொகுப்பு. சிலிண்டர் இணைப்புக்கான ரப்பர் வளையங்கள் நான்கு. மின்னணு டிரிகர் என்றால் உறை பிரிக்காத பேட்டரி இரண்டு. பிடித்திருகின் நிலையைக் குறித்து வைத்த சிறு நோட்டு, பிடியைக் கழற்றினால் அதே இடத்தில் மாட்டுவதற்கு. அந்த நோட்டின் பின்பக்கத்தில் இப்போது அந்த மாணவனின் கை அளவும் இருக்கிறது.