ஆடப்போகும் கேமை மட்டும் வாங்குவது எப்படி

ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில், வாங்கியவை சேரும் என் லைப்ரரியில் 214 கேம்கள் இருக்கின்றன. அவற்றில் 97 கேம்களை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. எல்லாம் தள்ளுபடியில் அள்ளிப்போட்டவை. ஆடாத கேமுக்குக் கால் விலை கொடுத்தாலும் அது தண்டம்தான் என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் உங்கள் ரசனை என்னவென்று லைப்ரரியிடமே கேளுங்கள். ஆடிய நேரப்படி வரிசைப்படுத்தினால் போதும். பெரிய மேப்பில் இஷ்டம்போல் சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்ட் கேம்களுக்கு நான் பைத்தியம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசைப்படுத்திப் பார்த்தால், 310 மணி நேரத்தோடு முதலிடத்தில் ஸ்டார்டியூ வேலி! எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2016-ல் வெளியிட்ட விவசாய கேம் அது. ஓப்பன் வேர்ல்டுகள் எல்லாம் மூன்றாவது, நான்காவது மணி நேரத்திலேயே நின்றுபோயிருந்தன. மேப் முழுக்கக் கேள்விக்குறிகளைப் பார்த்தால் எனக்கு முடிக்காத ஆபீஸ் வேலைதான் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

அடுத்து, நேரக்கணக்கு. எனக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கிடைக்கும். 60 மணி நேர கேம் என்றால் 15 வாரம், கிட்டத்தட்ட நான்கு மாதம். ஆக, வருஷத்துக்கு மூன்றுக்கு மேல் எனக்கு இடமில்லை. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தனியாக ஆடும் கேம் என்றால் அவசரமே வேண்டாம். சைபர்பங்க் 2077-ஐ நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் வந்தது. பிழைகள் மலிந்துகிடந்ததால் அந்த மாதமே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபோது கிட்டத்தட்ட வேறு கேமாகியிருந்தது. பொறுத்திருந்தவருக்கு நல்ல வடிவமும் கிடைத்தது, விலையும் இறங்கியிருந்தது. ப்ரீ-ஆர்டர் செய்தவருக்குக் கிடைத்தது பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. அப்புறம் எதற்கு முன்பதிவு?

ஆன்லைன் கேமில் கணக்கு வேறு. அங்கே காத்திருந்தால் ஆடவே ஆள் இல்லாமல் போகலாம். சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதுவரை சரி. எல்லாக் கேமுக்கும் அப்படி நடக்காது. 2014-ல் வந்த தி க்ரூ கார் பந்தய கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஓட்டவும் சர்வர் தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதோடு ஆட முடியாமல் போனது. எனவே கடைப் பக்கத்தில் 'எப்போதும் இணைய இணைப்பு தேவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நாம் வாங்குவது வாடகை வீடு என்று நினைத்துக்கொண்டு விலையை எடைபோடுங்கள்.

விமர்சனம் படிக்கும்போது புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு, 20, 30 மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டியிருப்பவர்களைத் தேடுங்கள். 'கதை மெதுவாக நகர்கிறது, சண்டையே இல்லை' என்று ஒருவர் புலம்பினால் நான் உடனே விஷ்லிஸ்ட்டில் சேர்த்துவிடுவேன்.

வாங்கியாயிற்றா? ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும். ஒருமுறை என் கதாபாத்திரத்துக்கு மூக்கும் புருவமும் திருத்தியே 50 நிமிடம் போனது. அப்புறம் நீளமான அறிமுகக் காட்சிகள். சண்டை பிடிக்கவில்லை என்று தெரிந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம். தப்பு என்னுடையதுதான். இப்போது முதலில் வருகிற முகமே போதும் என்று உள்ளே போய்விடுகிறேன். எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா, கன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்கிறதா, நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடிகிறதா என்று மூன்றையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவேன். 90-வது நிமிடத்துக்கு அலாரம் உண்டு. அது அடிக்கும்போது எரிச்சல் வந்தால் கேமை வைத்துக்கொள்வேன். 'அப்பாடா' என்றிருந்தால் திருப்பிவிடுவேன்.

சில கூடுதல் பொருட்களைச் சேர்த்து அதிக விலைக்கு விற்கும் டீலக்ஸ் எடிஷன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்காதீர்கள்.

இத்தனையும் சொல்கிறவன், 2025 செப்டம்பர் 4-ல் ஹாலோ நைட்: சில்க்சாங் வந்த அன்று ஒரு விமர்சனமும் படிக்காமல் வாங்கினேன். 2019-ல் அறிவித்ததிலிருந்து காத்திருந்த கேம் அது. முதல் பாகத்தில் 80 மணி நேரம் போட்டிருந்ததால் நேரக்கணக்கும் பார்க்கவில்லை. 90-வது நிமிடத்தில் அலாரம் அடித்தது, அணைத்துவிட்டேன். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் (வழிமறிக்கும் பெரிய எதிரியிடம்) இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.