குடும்பக் கடனை எந்த ஒழுங்கில் அடைப்பது?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் யார் வாசலில் வந்து நின்று கேட்கிறாரோ அவருக்குத்தான் முதலில் காசு போகும். மச்சானிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டியே இல்லை. ஆனாலும் கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே என்று அதை ஓடி ஓடிக் கொடுப்போம். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபா வட்டிக்கு எடுத்த காசுக்கோ மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்போம். இந்த ஒழுங்கைத்தான் மாற்ற வேண்டும்.

படி 1: எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்

அடைவு வைத்த நகை, லீசிங், நுண்கடன், கடைக் கணக்கு, கைமாற்று என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். காசை முன்னமே எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டும் கடன்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதி முதல், வட்டி, தவணைத் திகதி இருக்கட்டும். அம்மா எடுத்த நுண்கடன் அப்பாவுக்குத் தெரியாமல் இருப்பது நம் வீடுகளில் புதினமில்லை. சண்டை பிடிப்பதென்றால் எழுதி முடித்த பிறகு பிடியுங்கள்.

படி 2: வட்டியை வருடக் கணக்குக்கு மாற்றுங்கள்

தனியார் வட்டியை மாதத்துக்குச் சொல்வார்கள், வங்கி வருடத்துக்குச் சொல்லும். நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 வீதம். ஒரு இலட்சம் வாங்கி வட்டியை மட்டும் கட்டினால், மூன்று வருடத்தில் 1,08,000 ரூபா போயிருக்கும். முதல் ஒரு சதமும் குறைந்திராது.

தவணைக் கடனில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு இலட்சத்துக்கு 20 வீதப்படி இரண்டு வருட வட்டி 40,000 என்று முதலிலேயே கூட்டி, மாதம் 5,833 ரூபா கட்டச் சொல்வார்கள். நீங்கள் முதலைக் கட்டிக்கொண்டு வந்தாலும் வட்டி முழு இலட்சத்துக்கும்தான் ஓடும். குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 35 வீதம். ஆகவே கையெழுத்து வைக்கும் முன், வட்டி குறையும் மீதிக்கா முழுத்தொகைக்கா என்று கேளுங்கள்.

படி 3: கூடிய வட்டியை முதலில் அடியுங்கள்

மற்றவற்றுக்குக் கட்டாயத் தவணை மட்டும். மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயும் கூடிய வட்டிக் கடனின் முதலுக்குப் போக வேண்டும். அது முடிந்ததும் அந்தத் தவணைக் காசை அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். கைமாற்றுத் தந்தவரிடம் நேரே போய், "அண்ணை, வட்டிக்காசை முடிச்சிட்டு உங்கடையைத் தாறன்" என்று சொல்லிவிடுங்கள். ஒளித்துத் திரிவதுதான் மரியாதைக் கேடு.

ஊரில் உள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் அங்கத்தவர் என்றால், குறைந்த வட்டிக்கு எடுத்து நூற்றுக்கு மூன்றை மூடலாம். வங்கியில் நகையை அடைவு வைத்தும் மூடலாம். ஆனால் தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். புதுப்பிக்கும்போது வட்டியோடு முதலிலும் கொஞ்சம் கட்டிக் குறையுங்கள். மீட்ட நகையைச் சாமத்தியச் சடங்குக்காக மறுபடி வைப்பதென்றால் இந்தப் பாடெல்லாம் வீண்.

படி 4: செலவைப் பிடியுங்கள்

தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்துக் கடன் அடையாது. பெரிய ஓட்டைகள் வேறு. கடைக் கடன் கொப்பியை நிறுத்துங்கள், கைக்காசுக்கு வாங்கினால் கை தானாகச் சுருங்கும். மரக்கறியைத் திருநெல்வேலி அல்லது மருதனார்மடம் சந்தையில் கிழமைக்கு ஒருமுறை வாங்கலாம், வளவில் முருங்கை நிற்கிறதுதானே. மின்சாரம் மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீடு மீற்றரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சடங்குக்கு வீடியோவும் அல்பமும் வேண்டுமா என்பதை உங்களிடமே விடுகிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம்.

படி 5: கடதாசியை வாங்குங்கள்

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு, தனியாரென்றால் கொப்பியில் அவர் கையெழுத்து. முடிந்த அன்றே எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கேட்டு வாங்குங்கள். லீசிங் முடிந்தால் வாகனப் புத்தகத்தில் உங்கள் பெயர் முழு உரிமையாளராக மாறும்வரை விடாதீர்கள்.