செர்ட்ராலின்: முதல் ஆறு வாரத்தைத் தாண்டுவது எப்படி

காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டியவர் இரவு 2 மணிக்கே விழித்துக்கொள்கிறார். சோறு இறங்கவில்லை, பிள்ளை சிரித்தாலும் மனம் ஒட்டவில்லை. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வெறும் சலிப்பு என்று தள்ளக்கூடாது, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் அரசாங்கக் கிளினிக்கில் இதைச் சொன்னால், டாக்டர் எழுதித் தரக்கூடிய மாத்திரைகளில் ஒன்று செர்ட்ராலின். பீதித் தாக்குக்கும், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓசிடிக்கும்கூட இதைக் கொடுப்பார்கள்.

நரம்புகள் சேதி கடத்த வெளியே விடும் செரோட்டோனினை, விட்ட நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாயை இந்த மாத்திரை அடைக்கிறது. அடைப்பது முதல் நாளே நடந்துவிடும். மூளை அதற்குப் பழகித் தன்னைத் திருத்திக்கொள்ளத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. உடம்பின் செரோட்டோனினில் பெரும்பகுதி இருப்பதோ குடலில். அதனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதல் வாரமே வரும். மனம் தெளிவது 2 முதல் 4 வாரத்தில், முழுப் பலன் 6 முதல் 8 வாரத்தில். இந்த வரிசை தெரியாதவருக்கு ஐந்தாம் நாளே மாத்திரையைத் தூக்கிப்போடத் தோன்றும்.

பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம். பீதி நோய்க்கும் வயதானவர்களுக்கும் 25இல் தொடங்குவதுண்டு. டாக்டர் ஏற்றினாலும் 200ஐத் தாண்டாது. பசியாறிய கையோடு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில், தூங்கி விழுந்தால் இரவில். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். தாம்பத்திய ஆசை குறையலாம். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டரால் மருந்தை மாற்ற முடியாது.

தோட்ட வேலைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது வலி மாத்திரையை. செம்பனைக் குலை அறுத்து முதுகு பிடித்தால் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது சகஜம். இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்களும் செரோட்டோனினை இதே வாய் வழியாகத்தான் சேமிக்கின்றன. செர்ட்ராலின் அதையும் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. மலம் தார்போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. சாதாரண வலிக்குப் பாராசிட்டமோல் போதும். இரவுச் சந்தையில் பேர் தெரியாத ஜாமு என்னும் மூலிகை மருந்து வாங்க வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

கடும் வலிக்குத் தரும் டிராமடோலும், இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபானும் செரோட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிடலாம். கை நடுக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், கால் தசைத் துடிப்பு, பதற்றம் எல்லாம் கூடி வந்தால் வெயில் அடித்துவிட்டது என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், 999ஐ அழையுங்கள். வயதானவர், அதுவும் இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை எடுப்பவர், திடீரென்று தடுமாறினால், செர்ட்ராலினால் இரத்தத்தில் உப்புச்சத்து இறங்கியிருக்கலாம். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சம்சு என்னும் மலிவுச் சாராயம் வேண்டாம்.

25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். யாருக்காயினும் அப்படித் தோன்றினால் வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும், களைக்கொல்லியைப் பூட்டி வையுங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகமும் வாய் ஓயாத பேச்சும் வந்தாலும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். அது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம்.

நன்றாகிவிட்டது என்று தோன்றும்போது நிறுத்துவதுதான் பெரிய தவறு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு நாளுக்குச் சற்று மேல் போனாலே இரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல ஓர் உதறல். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள், குறைந்தால் கிளினிக் மூடுமுன் வாங்கிவிடுங்கள்.