ரெகுலேட்டர் போச்சா, ஒயர் பூத்திருக்கா? ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பேட்டரி லைட் எரிந்தாலோ ஹெட்லைட் மங்கினாலோ பழியெல்லாம் ரெகுலேட்டர் மேல்தான் விழும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். ஆனால் கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயர் முனைகளை. உப்புக்காற்று அவற்றைத்தான் முதலில் அரித்துப் பூக்கவைக்கும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள் இருந்தால் போதும்.

முதலில், வண்டி சில மணி நேரம் நின்றபிறகு மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜ் என்றால் 12.6 காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடருங்கள். காலியான பேட்டரியோடு எடுக்கும் ரீடிங் ஆளை ஏமாற்றும்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். பேட்டரி லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப், ஃபியூஸ், அந்த லைட்டிலிருந்து ஆல்டர்நேட்டருக்குப் போகும் எல் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

இனி ஸ்டார்ட் செய்து பேட்டரியில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்லது. ஆக்சிலரேட்டரை 2000 ஆர்.பி.எம். வரை கொடுங்கள். வோல்ட் ஓரிடத்தில் நிற்காமல் 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். பேட்டரி வோல்ட்டை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் எஸ் ஒயர் உள்ள வண்டியில் அந்த ஒயர் பூத்தாலும் இப்படி ஏறும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

13.2-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு இதை அவசியம் செய்யுங்கள்: ஹெட்லைட், ஏ.சி. புளோயர் இரண்டையும் போட்டு, வண்டி ஓடும்போதே சிவப்பு முனையை ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் (பேட்டரிக்குக் கரண்ட் போகும் ஒயர் மாட்டியிருக்கும் இடம்) கருப்பை பேட்டரி பிளஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அடுத்து ஆல்டர்நேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2-க்குள் இருக்க வேண்டும். பேட்டரியில் 13.0, பி பிளஸில் 14.3 என்றால் ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, மிச்ச 1.3 வோல்ட்டை வழியில் ஒயர் தின்கிறது. ரப்பர் மூடியை விலக்கினால் லக்கில் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) பச்சைப் பொடி தெரியும். சில சமயம் வெளியே பளபளப்பாக இருந்து, ஸ்லீவுக்குள் செம்புக் கம்பிகள் கறுத்திருக்கும். அப்படியானால் லக்கையே மாற்றுங்கள். தொடுமுன் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். பி பிளஸில் எப்போதும் கரண்ட் உண்டு. ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். தேய்த்து இறுக்கியபின் வாசலின் தடவுங்கள்.

வண்டி ஓடும்போதே மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் பாருங்கள், 0.5-க்கு மேல் என்றால் ஆல்டர்நேட்டரின் ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கும் டயோடு கோளாறு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். பல மாடல்களில், ஆல்டர்நேட்டரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் அதோடு சேர்ந்தே வரும். 5 மி.மீ.க்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் காரணம் அதுதான்.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். வோல்ட் திடீரென எகிறி இ.சி.யு.வையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டயோடுகளையும் சுட்டுவிடும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஓடி வந்த சூட்டில் 13.6 காட்டினால் பயப்பட வேண்டாம். சூட்டில் பேட்டரிக்கு அதிக சார்ஜ் ஏறாமலிருக்க ரெகுலேட்டரே குறைத்துக்கொள்ளும். இ.சி.யு. கட்டுப்படுத்தும் புதிய கார்களில் 12.5-க்கும் 15-க்கும் இடையே தானாக மாறுவதும் இயல்பு. அவற்றை ஸ்கேனர் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.